கைப்பேசியின் தலைமைச் சாவி: 'ரூட்' செய்வது நன்மையா, தீங்கா?



சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொன்னார். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிப்பவர். அவர் கையில் இருந்தது அவருடைய தாயாரின் கைப்பேசி.

"ஹஜ்ரத், அம்மாவின் போன் ரொம்பவும் மெதுவாகிவிட்டது. ரூட் செய்தால் சரியாகிவிடும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். செய்யலாமா?" என்று கேட்டார்.

மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனிடம் இதை ஏன் கேட்கிறார் என்று நீங்கள் வியக்கலாம். சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சூழ்ந்த எங்கள் ரெட்டிபாளையம் பகுதியில், 2013ஆம் ஆண்டிலேயே தன் கைப்பேசியை ரூட் செய்து பார்த்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. அந்தப் பெயரில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. "தாராளமாகச் செய்யப்பா, என் போனையே செய்திருக்கிறேன். ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த மாணவரின் தாயார் மதரஸா வாசலுக்கு வந்தார். அவருடைய கணவர் பல ஆண்டுகள் குவைத்தில் உழைத்தவர். 2021ஆம் ஆண்டு அங்கேயே மவுத்தாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கடைசி முகத்தைக் கூடக் குடும்பத்தார் பார்க்க முடியவில்லை. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவந்த குரல் பதிவுகள் மட்டும் அந்தக் கைப்பேசியில் இருந்தன. பிள்ளை ரூட் செய்ய முயன்றபோது கைப்பேசியிலிருந்த அனைத்தும் அழிந்துவிட்டன.

"அவருடைய குரல் அதில்தானே ஹஜ்ரத் இருந்தது" என்று மட்டுமே அந்த அம்மா சொன்னார். என்னைக் குறை கூறவில்லை. ஆனால் ஆலோசனை கூறுவதும் ஓர் அமானிதம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நான், அரைகுறை அறிவோடு ஆலோசனை கூறிவிட்டேன். அந்தத் தவற்றுக்கு ஓரளவேனும் ஈடு செய்யும் எண்ணத்தில்தான், இதுபற்றி முறையாகப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். இந்தக் கேள்வி இன்று பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் எழக்கூடும்.

ரூட் என்றால் என்ன?

'ரூட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வேர்' என்று பொருள். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். யூனிக்ஸில் எல்லாக் கோப்புகளும் ஒரு மரத்தின் கிளைகளைப் போல் ஒரே வேரிலிருந்து பிரிந்து செல்லும். அந்த மரம் முழுவதன் மீதும் ஆணை செலுத்தும் தலைமைப் பயனருக்கும் 'ரூட்' என்றே பெயர் வழங்கிற்று. 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் அதே முறையைப் பின்பற்றி லினக்ஸை உருவாக்கினார். நம் கைகளில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அந்த லினக்ஸின் மீதுதான் எழுப்பப்பட்டுள்ளன.

இதை எளிதாக விளங்கிக்கொள்ள, பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளை எண்ணிப் பாருங்கள். வரிசையாகப் பத்துக் கடைகள் இருக்கின்றன. துணிக்கடைக்காரரிடம் அவர் கடைச் சாவி மட்டுமே இருக்கும். மருந்துக் கடைக்குள் அவர் நுழைய முடியாது. மருந்துக் கடைக்காரர் துணிக்கடையின் கல்லாவைத் திறக்க முடியாது. எல்லாக் கடைகளின் சாவிகளையும் ஒன்றாகக் கோத்த கொத்து முத்தவல்லியின் பொறுப்பில் இருக்கும்.

ஆண்ட்ராய்டும் அவ்வாறே அமைந்துள்ளது. ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை. வாட்ஸ்அப்பின் அறைக்குள் விளையாட்டுச் செயலி நுழைய முடியாது. வங்கிச் செயலியின் அறைக்குள் விளம்பரச் செயலி எட்டிப் பார்க்க முடியாது. சாவிக்கொத்தையோ, கைப்பேசியைத் தயாரித்த நிறுவனம் பூட்டி வைத்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய உங்களுக்கும் அது கிடைப்பதில்லை. அந்தப் பூட்டைத் திறந்து தலைமைச் சாவியைத் தம் கையில் எடுத்துக்கொள்வதே 'ரூட்' செய்தல்.

இந்தச் சாவி காவலின்றிக் கிடந்தால் என்னவாகும் என்பதற்கு முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே சான்று உண்டு. 2008ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜி1 என்ற அக்கைப்பேசியில் ஒரு விந்தையான பிழை இருந்தது. அதன் விசைப்பலகையில் எதைத் தட்டினாலும், அது திரைக்குச் செல்வதோடு நில்லாமல், தலைமைப் பயனரின் கட்டளையாகவும் ஏற்கப்பட்டுவிடும். நண்பருக்கு மடல் எழுதும்போது 'ரீபூட்' என்ற சொல்லைத் தட்டினால் கைப்பேசி அணைந்து மீண்டும் எழும்! சில நாட்களில் அப்பிழை திருத்தப்பட்டது.

அன்று ஏன் தேவைப்பட்டது?

ரூட் செய்தவர்கள் எல்லாரும் வேலையற்றவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு காலத்தில் அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அவற்றுள் தலையாயது நம் தாய்மொழி.

தொடக்க கால ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே கிடையாது. யாரேனும் தமிழில் செய்தி அனுப்பினால் திரையில் வரிசை வரிசையாகக் கட்டங்கள்தாம் தெரியும். ஆபரா மினி என்ற உலாவியில் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்துகளைப் படமாக வரவழைத்துத் தமிழ்ச் செய்திகளைப் படித்தவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அரபு எழுத்துகளின் நிலை இதைவிட வருத்தத்திற்குரியது. சொல்லுக்குள் ஒன்றோடொன்று இணைந்து வரவேண்டிய எழுத்துகள் தனித்தனியே உதிர்ந்து கிடக்கும். அலிஃபும் லாமும் மீமும் பிரிந்து நிற்கும் அந்தத் திரையில் ஓர் ஆயத்தை எப்படிப் படிப்பது?

எழுத்துருக் கோப்பு இருக்கவேண்டிய இடம் இயங்குதளத்தின் பூட்டிய அறை. தலைமைச் சாவி இன்றி அங்கு எதையும் வைக்க முடியாது. 2013ஆம் ஆண்டு என் சிறிய கைப்பேசியை ரூட் செய்து தமிழ் எழுத்துருவை உள்ளே வைத்தபோது, கட்டங்கள் மறைந்து 'அ' என்ற எழுத்து திரையில் தோன்றிய அந்த மாலைப்பொழுதை இன்றும் நான் மறக்கவில்லை.

மற்றொரு காரணம் நினைவக நெருக்கடி. இந்தியாவில் 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தின்கீழ் வெளிவந்த மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் கைப்பேசிகள் ஏறத்தாழ 6,400 ரூபாய்க்கு விற்கப்பட்டன. அவற்றின் உள் நினைவகம் 4 ஜிபி மட்டுமே. அதிலும் பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். நான்கைந்து செயலிகளை ஏற்றினால் 'இடமில்லை' என்று கைப்பேசி கைவிரித்துவிடும். செயலிகளை மெமரி கார்டுக்கு முழுமையாக மாற்றுவதற்கு அன்று பலரும் ரூட் செய்தனர்.

இன்று இவ்விரு காரணங்களும் மறைந்துவிட்டன. ஆண்ட்ராய்டின் பிற்காலப் பதிப்புகள் தமிழ், அரபு எழுத்துருக்களுடனேயே வருகின்றன. நினைவகமும் பன்மடங்கு பெருகிவிட்டது. நான் 2013ஆம் ஆண்டின் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு இன்றைய நோய்க்கு மருந்து சொல்லிவிட்டேன்.

நன்மைகள் யாவை?

ஆயினும் ரூட் செய்வதால் இன்றும் சில நன்மைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

முதலாவது, தேவையற்ற செயலிகளை அகற்றுதல். புதிதாக வாங்கிய கைப்பேசியைத் திறந்தவுடனேயே நாம் கேட்காத விளையாட்டுகளும் கடைகளும் கடன் செயலிகளும் வரிசையாக நிற்கின்றன. பல செயலிகளை நீக்கவும் வழி இருப்பதில்லை. இந்தக் குறை வெறும் முணுமுணுப்பன்று. முன்கூட்டியே நிறுவப்படும் செயலிகள் உள்ளிட்ட ஆண்ட்ராய்டு நடைமுறைகளுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுள் நிறுவனத்திற்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் ஆணையத்தின் கட்டளைகள் சிலவற்றை நீக்கியபோதிலும் அபராதத்தை உறுதி செய்தது.

இரண்டாவது, பழைய கைப்பேசிக்கு மறுவாழ்வு. நிறுவனங்கள் சில ஆண்டுகளில் புதுப்பிப்புகளை நிறுத்திவிடுகின்றன. உறுப்புகள் நன்றாக இருந்தும் கைப்பேசி 'பழசு' ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் ஸ்டீவ் கொண்டிக் 2009ஆம் ஆண்டு தொடங்கிய சயனோஜென்மாட் என்ற இயங்குதளம் இத்தகைய கைப்பேசிகள் பலவற்றுக்கு உயிர் கொடுத்தது. பின்னர் அதன் அடிப்படையில் எழுந்த நிறுவனத்தின் இயங்குதளம் இந்தியாவில் ஒரு வழக்குக்கே காரணமாயிற்று. மைக்ரோமேக்ஸ் நிறுவனம் தன் 'யூ' கைப்பேசிகளுக்காக அதன் இந்திய உரிமையைத் தனியே பெற்றிருந்தது. அதே இயங்குதளத்துடன் ஒன்பிளஸ் கைப்பேசி இங்கு விற்பனைக்கு வந்தபோது, 2014ஆம் ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. சில நாட்களில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தடையை விலக்கியது. இத்தனை பூசலுக்குக் காரணமான அந்த நிறுவனமே 2016ஆம் ஆண்டின் இறுதியில் தன் சேவைகளை நிறுத்திவிட்டது. தன்னார்வலர்கள் அப்பணியை 'லீனியேஜ்' என்ற பெயரில் தொடர்கின்றனர்.

மூன்றாவது, கல்வி. கணினி கற்கும் மாணவருக்கு, ஓர் இயங்குதளம் எவ்வாறு எழுகிறது, கோப்புகள் எங்கே இருக்கின்றன, எந்தச் செயலி எந்த அறைக்குச் செல்கிறது என்பதைக் கண்ணால் காண ரூட் செய்த கைப்பேசியைப் போன்ற பாடநூல் வேறில்லை.

நான்காவதாக, உரிமை பற்றிய வாதம். 'என் காசில் வாங்கிய பொருளின் சாவியை ஏன் எனக்குத் தரக் கூடாது?' என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு ஜூலையில், முறையான செயலிகளை இயக்குவதற்காகக் கைப்பேசியின் பூட்டைத் திறப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

தீங்குகள் யாவை?

இனித் தராசின் மறு தட்டைப் பார்ப்போம்.

அந்தத் தாயாரின் கைப்பேசிக்கு நேர்ந்ததையே முதலில் சொல்கிறேன். கைப்பேசியை இயக்கியவுடன் முதலில் விழிப்பது பூட்லோடர் என்ற சிறு நிரல். வீட்டு வாசலில் நிற்கும் காவலாளியைப் போல, உள்ளே வரும் இயங்குதளம் நிறுவனத்தின் முத்திரை பெற்றதுதானா என்று சோதித்த பின்னரே அது வழிவிடும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இயங்குதளத்தில் இருந்த ஓட்டைகளின் வழியே காவலாளிக்குத் தெரியாமல் உள்ளே நுழைந்து ரூட் செய்தார்கள். என் கைப்பேசியில் எதுவும் அழியாததற்கு அதுவே காரணம். இன்றோ அந்த ஓட்டைகளில் பெரும்பாலானவை அடைக்கப்பட்டுவிட்டன. பூட்லோடரையே முறைப்படி திறந்தாக வேண்டும். அவ்வாறு திறக்கும்போது கைப்பேசியில் உள்ள அனைத்தையும் அழித்துவிடுமாறு அது வடிவமைக்கப்பட்டுள்ளது.

இது நிறுவனத்தின் கொடுமை அன்று. திருடன் ஒருவன் உங்கள் கைப்பேசியின் பூட்டைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் படங்களும் கணக்குகளும் அவன் கையில் சிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அழிந்தவற்றைக் கடையில் கொடுத்து மீட்கலாம் என்றும் எண்ணாதீர்கள். இக்காலக் கைப்பேசிகளில் தகவல்கள் மறைமொழியாக மாற்றியே சேமிக்கப்படுகின்றன. அழிப்பின்போது அந்த மறைமொழியைத் திறக்கும் சாவியும் சேர்ந்து அழிகிறது.

அடுத்தது, கைப்பேசியே உயிரிழத்தல். ஒரு மாதிரிக்கு உரிய கோப்பை மற்றொரு மாதிரியில் ஏற்றினாலோ, ஏற்றும்போது பாதியில் இணைப்பு அறுந்தாலோ, கைப்பேசி எழாமலே போகலாம். இத்துறையினர் அதைச் 'செங்கல்' ஆகிவிட்டது என்பார்கள். சில வேளைகளில் மீட்கலாம். சில வேளைகளில் உள்ளிருக்கும் பலகையையே மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது, உத்தரவாதமும் புதுப்பிப்புகளும். உத்தரவாதம் பற்றிய நிபந்தனை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். சாம்சங் கைப்பேசிகளில் 'நாக்ஸ்' என்ற பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. முத்திரையற்ற மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஓர் உருகி நிரந்தரமாக எரிந்துவிடும். பிறகு பழைய நிலைக்கே திருப்பினாலும் அதன் பாதுகாப்புப் பெட்டகம் முதலிய வசதிகள் திரும்ப வாரா. மேலும், ரூட் செய்த கைப்பேசியில் மாதந்தோறும் வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் பெரும்பாலும் தாமாக ஏறுவதில்லை.

நான்காவதும் இன்றைய வாழ்வில் மிக இன்றியமையாததும் பணம். 2013ஆம் ஆண்டு என் கைப்பேசியில் பணம் இல்லை. யூபிஐ முறை 2016ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் தொடங்கப்பட்டது. இன்று காய்கறிக் கடை முதல் பிள்ளைகளின் கல்விக் கட்டணம் வரை அதன் வழியே செல்கிறது. வளைகுடாவிலிருந்து வரும் பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று நம் பெண்கள் பார்ப்பதும் கைப்பேசியில்தான். இந்திய ரிசர்வ் வங்கி 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட மின்னணுப் பணப் பரிமாற்றப் பாதுகாப்பு நெறிகளில், கைப்பேசி ரூட் செய்யப்பட்டுள்ளதா என்று செயலி சோதிப்பதும், அவ்வாறாயின் இயங்க மறுப்பதும் பாதுகாப்பு வழிகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளன. எனவேதான் பல வங்கிச் செயலிகள் இத்தகைய கைப்பேசியைக் கண்டவுடன் மூடிக்கொள்கின்றன. அந்தத் தாயாரின் வங்கிச் செயலியும் அவ்வாறே நின்றுபோயிற்று.

'ரூட் செய்ததை மறைக்க வழி உண்டே' என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஜான் வூ என்ற தைவான் இளைஞர் 2016ஆம் ஆண்டு உருவாக்கிய மேஜிஸ்க் என்ற கருவி அதற்குப் புகழ் பெற்றது. அவர் 2021ஆம் ஆண்டு கூகுளின் ஆண்ட்ராய்டுப் பாதுகாப்புக் குழுவிலேயே சேர்ந்துவிட்டார். மறைக்கும் வசதியையும் தம் கருவியிலிருந்து நீக்கிவிட்டார். வேறு சிலர் வேறு வழிகளைக் கண்டுபிடிக்கின்றனர்; கூகுள் அவற்றை அடைக்கிறது. இன்று திறக்கும் வங்கிச் செயலி நாளைக் காலை திறக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மருத்துவமனையில் பணம் கட்ட நிற்கும்போது அது மூடிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

ஐந்தாவது, திருட்டு நிரல்கள். தலைமைச் சாவியை நாம் தேடுவதைவிட வேகமாகத் திருடர்கள் தேடுகிறார்கள். 2011ஆம் ஆண்டு மார்ச்சில் 'டிராய்டு டிரீம்' என்ற நச்சு நிரல், கூகுளின் சந்தையிலேயே ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளுக்குள் ஒளிந்திருந்து கைப்பேசிகளை இரகசியமாக ரூட் செய்தது. 2016ஆம் ஆண்டு 'காட்லெஸ்' என்ற மற்றொன்று, ரூட் செய்வதற்கென்று பலர் எழுதிய கருவிகளையே பயன்படுத்தி 8 இலட்சத்து 50 ஆயிரம் கைப்பேசிகளில் புகுந்ததாக டிரெண்டு மைக்ரோ நிறுவனம் அறிவித்தது. அதில் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடு நம் இந்தியா. அதே ஆண்டில் 'ஹம்மிங்பேட்' என்பது உலகெங்கும் சுமார் 1 கோடி கைப்பேசிகளைப் பிடித்ததாகச் செக் பாயின்ட் நிறுவனம் கணக்கிட்டது. அவற்றுள் 13 இலட்சத்திற்கும் மேற்பட்டவை இந்தியாவில் இருந்தன.

இப்போது வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் பெயரிட்டு 'ஏபிகே' கோப்புகள் வருகின்றன. பூட்டிய கைப்பேசியிலேயே அவை பெருங்கேடு செய்கின்றன. ரூட் செய்த கைப்பேசியில் அத்தகைய ஒன்று கேட்கும் அனுமதிக்குத் தெரியாமல் 'சரி' என்று தொட்டுவிட்டால், எல்லா அறைகளையும் அதற்குத் திறந்துவிட்டதாகிவிடும். 'ஒரே தொடுதலில் ரூட்' என்று ஆசை காட்டும் செயலிகளையும் அறவே தவிர்த்திடுக. வீட்டுச் சாவிக்கொத்தை முன்பின் அறியாதவரிடம் கொடுத்து, 'பூட்டை மட்டும் திறந்துவிட்டுப் போங்கள்' என்று சொல்வோமா?

ரூட் இன்றியே முடியுமா?

இரு தட்டுகளையும் பார்த்தோம். நம் வீடுகளில் ரூட் செய்ய விரும்புவோர் சொல்லும் தேவைகளில் பெரும்பாலானவற்றை இன்று ரூட் செய்யாமலே நிறைவேற்றலாம்.

நீக்க முடியாத செயலிகள் பலவற்றை அமைப்புகளுக்குச் சென்று முடக்கிவைக்கலாம். கணினி அறிந்த பிள்ளைகள் கைப்பேசியைக் கணினியுடன் இணைத்து, கூகுளே வழங்கும் கட்டளைக் கருவியால் மேலும் பலவற்றை நம் கணக்கிலிருந்து விலக்கலாம். அதற்குப் பூட்லோடரைத் திறக்கத் தேவையில்லை. விளம்பரங்களைக் குறைக்க, ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'தனிப்பட்ட டிஎன்எஸ்' அமைப்பு உதவும்.

கைப்பேசி மெதுவாவதற்கு மிகப் பொதுவான காரணம் நினைவகம் நிரம்பி வழிவது. பின்னர் விசாரித்தபோது, அந்தத் தாயாரின் கைப்பேசிக்கும் நோய் அதுதான் என்று தெரியவந்தது. உறவினர் குழுக்களிலிருந்து வந்து குவிந்த காணொளிகளை அழித்திருந்தாலே போதும். அரைமணி நேர வேலை. அதை அந்தப் பிள்ளையிடம் கேட்காமல் 'தாராளமாகச் செய்' என்று சொன்னதுதான் என் பிழை.

யாருடைய கைப்பேசி?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கைப்பேசியின் விலையைக் கொடுத்தவர் ஒருவராக இருக்கலாம். அதனுள் இருப்பவை அவருக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. பெண்களின் படங்கள், உறவினர் எண்கள், ஜமாஅத்தின் கணக்குகள், ஒருவர் நம்பிக் கூறிய குடும்பச் செய்திகள், மறைந்தவர்களின் குரல்கள் ஆகியவை எல்லாம் அதில் உள்ளன. இவை பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். என் சாவியை நான் எடுத்துக்கொள்வது என் உரிமை என்ற வாதம், அந்த அறைகளில் பிறர் பொருள் இல்லாதபோது மட்டுமே முழுமையாகப் பொருந்தும். வீட்டின் பணமும் மானமும் இருக்கும் கைப்பேசியை ரூட் செய்யக் கூடாது என்பதே நான் வந்தடைந்த முடிவு.

ஆனால் பிள்ளைகளின் ஆர்வத்தை அதட்டி அடக்கிவிடாதீர்கள். இன்று ஒரு கைப்பேசியின் உள்ளமைப்பைத் திறந்து பார்க்கத் துடிப்பவர், நாளை நல்ல பொறியாளராக வரலாம். வீட்டில் ஒதுக்கிப் போட்ட பழைய கைப்பேசி ஒன்றை அவரிடம் கொடுங்கள். அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு.

சிம் அட்டையும் வங்கிச் செயலியும் குடும்பப் படங்களும் அதில் இருக்கக் கூடாது. வீட்டாரின் கூகுள் கணக்கை அதில் ஏற்றக் கூடாது. கைப்பேசியின் மாதிரி எண்ணுக்கு உரிய கோப்புதானா என்று ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும். மின்கலம் போதிய அளவு நிரம்பியிருக்க வேண்டும். பாழானாலும் பரவாயில்லை என்று பெற்றோர் முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும்.

பயன்படுத்திய கைப்பேசியை விலைக்கு வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. இயக்கியவுடன் பூட்லோடர் திறந்திருப்பதாக எச்சரிக்கும் வாசகம் திரையில் வருகிறதா என்று பாருங்கள். பிளே ஸ்டோரின் அமைப்புகளில் 'அறிமுகம்' பகுதியில் கைப்பேசி சான்று பெற்றது என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். இல்லையெனில் வேவுபார்க்கும் நிரல் ஏதும் உள்ளே இருக்குமோ என்ற ஐயம் எழுவது நியாயமே. அதை வாங்காமலிருப்பதே நலம். எக்காரணத்தாலோ பணம் பறிபோனால், தாமதியாமல் 1930 என்ற இணையக் குற்றத் தடுப்பு உதவி எண்ணை அழைத்திடுக.

இன்றிரவே செய்யவேண்டியது

அந்தத் தாயாருக்காக எங்களால் இயன்றதைச் செய்தோம். அவருடைய கணவர் அனுப்பிய பதிவுகளில் ஏதேனும் யாருக்கேனும் அனுப்பப்பட்டிருக்குமா என்று உறவினர் வீடு வீடாகக் கேட்டோம். திருச்சியில் இருக்கும் மைத்துனரின் கைப்பேசியில் இரண்டு பதிவுகள் கிடைத்தன. ஒன்றில் பெருநாள் வாழ்த்து. மற்றொன்றில், மகனை நன்றாகப் படிக்கச் சொல்லும் ஒரு நிமிடத்திற்கும் குறைவான பேச்சு. பல ஆண்டுப் பதிவுகளில் இவ்வளவே மிஞ்சியது. அந்த மாணவர் அவற்றை மூன்று இடங்களில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

வாசகப் பெருமக்களே! ரூட் செய்தாலும் செய்யாவிட்டாலும் கைப்பேசி தொலையலாம், தண்ணீரில் விழலாம், ஒருநாள் எழாமலே போகலாம். எனவே இன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு கால்மணி நேரம் ஒதுக்குங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் உரையாடல் காப்புப் பிரதி என்ற பகுதியைத் திறந்து, கூகுள் கணக்கில் அன்றாடம் பதிவாகும்படி அமையுங்கள். கட்டணமின்றி 15 ஜிபி இடம் உண்டு. அது போதாதவர்கள் இன்றியமையாத குரல்களையும் படங்களையும் மட்டும் தனியே கணினியிலோ பென் டிரைவிலோ எடுத்து வையுங்கள். வீட்டில் முதியோர் இருந்தால் அவர்களின் கைப்பேசிக்கும் நீங்களே இதைச் செய்து கொடுங்கள்.

நாளை உங்கள் பிள்ளை வந்து "ரூட் செய்யலாமா?" என்று கேட்டால், உடனே 'ஆம்' என்றும் சொல்லாதீர்கள், 'கூடாது' என்று விரட்டியும் விடாதீர்கள். "இதில் யார் யாருடைய பொருள் இருக்கிறது? அதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டாயா?" என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.